ஒரு நூல் இடைவெளி

சென்னிமலையில்
தறிக்காரர் வீதிக்குள் இறங்க மிதிக்க வேண்டியதில்லை,
பிடித்தால் போதும்.
பிடித்தால்
என் சைக்கிள் கத்தும்.

"உனக்கு முன்னால உன்ற சைக்கிளு போயி
அவியளுக்குத் தாக்கல் சொல்லிப்போட்டு வருது.
பிரேக்கச் சரி பண்ணு, இல்லீன்னா
நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

அவர் சொன்னதில் தப்பில்லை.
கத்தல் வீதிக்குள் நுழையும்போதே
மூன்றாம் வீட்டு டிவி வாயடைத்துவிடும்.
பூங்காவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கும்,
உள்ளே தறி மட்டும் விவரம் தெரியாமல்
இன்னும் இரண்டடி அடித்துவிட்டு நிற்கும்.
குப்பண்ணன் ஈரோடு போயிருப்பார்
செருப்பை வாசலில் விட்டுவிட்டு.
ரித்தீசுக்கு ஏழு வயசு, பிசிறில்லாமல் சொல்வான்:
"அம்மா ரேசன் கடைக்குப் போயிருக்குதுங்க."
ரேசன் கடைக்கு லீவு விட்ட நாளிலும் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள்,
கொஞ்சம் மண்ணெண்ணெய், போர்வைக் கிழிசல்.
ரிம்மில் ஒரு வருசத்துக் கறுப்பு.
துடைக்கத் துடைக்கத் துணிக்கு வந்தது.
பிசுக்குப் போக சோப்புத் தண்ணீர்.
கட்டையைக் கழற்றிப் பார்த்தால்
ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கியது.
மினுக்கம்தான் கத்தியிருக்கிறது.
சொரசொரப்பாகும் வரைக்கும் தேய்த்தேன்.
உள்ளே புதைந்திருந்த ஒரு மணலை
ஊக்கால் நோண்டி எடுத்தேன்.

மாட்டும்போது ஒன்று கவனிக்க வேண்டும்.
கட்டையின் முன்நுனி முதலில் தொட வேண்டும்,
பின்நுனி ஒரு நூல் விலகியிருக்க வேண்டும்.
அந்த ஒரு நூலுக்கு எதைச் செருகுவது?
வசூல் பையைத் துழாவினேன்.
கட்டி முடித்த தண்டல் அட்டை கிடைத்தது:
நூறு கட்டம், நூறிலும் என் கையெழுத்து.
பை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்றுதான்.
மடித்துச் செருகி, நட்டை முடுக்கி, உருவிக்கொண்டேன்.
சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்தேன்.
நின்றது.
அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை
பூங்காவனம் கதவைத் திறந்து போட்டு
தரையில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.
எழுவதா, கை கழுவுவதா, ஒளிவதா...
இடது கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து
"எடக்கையில தர்றேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.
குப்பண்ணன் கண்ணாடி முன்னால்
மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தார்.
பாதி கறுப்பு பாதி வெள்ளையோடு
பேசாமல் பணத்தை எண்ணினார்.
ரித்தீஸ் வாயைத் திறந்தான்.
அவன் அம்மா அவனுக்குப் பின்னாலேயே நின்றாள்.
மூடிக்கொண்டான்.
அதன் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வசூல் முழுசு.
முதலாளி டீயும் வடையும் வாங்கித் தந்தார்.
வடை எனக்குப் பிடிக்கும்,
பாதியில் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை
பெல் அடிக்கலாம் என்று பார்த்தால்
பெல்லுக்குக் கிண்ணமில்லை.
வீதி திரும்பும் இடத்தில் இருமினேன்.
முதலில் கூச்சத்தோடு ஒரு தடவை.
அப்புறம் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.
டிவி நின்றது. எங்கேயோ பூட்டு க்ளிக் என்றது.
தறி இரண்டடி.
ரேசன் கடை.

"பிரேக்கு எப்படிடா?"
"சத்தமே இல்லீங்க."
"அப்பறம் வசூலு?"
"ஆளுக இருக்கறதில்லீங்க."

பத்து நாள் இருமியதில்
தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

நேற்று
பூங்காவனத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால், படியில்,
தட்டுப் போட்டு மூடிய ஒரு டம்ளர்.
சுக்குக் காப்பி, சூடு ஆறவில்லை.
உள்ளே தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.
நோட்டை எடுத்து
தேதி போட்டு எழுதினேன்:
ஆள் இல்லை.